தலைவலி இல்லாத மாவட்டம்

வாஸ்கிதோ அண்ணனின் தலைவலி அவருடைய இடது கண்ணுக்குப் பின்னால் குடியிருந்தது. வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் மாதம் இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு பழக்கம் முற்றி, வந்தால் கிளம்ப மனமில்லாமல் நாலைந்து நாள் தங்கிவிடுகிற உறவுக்காரரைப் போல ஆகிவிட்டது.

வருவதற்கு முன்னால் அறிவிப்பு உண்டு. பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் போல ஒரு வெளிச்சக் கோடு நெளியும். கால் மணி நேரத்தில் எதிரே இருப்பவரின் பாதி முகம் காணாமல் போகும். அதற்குப் பிறகு வலி. அவர் மனைவி ருமியாத்தி பச்சைத் தைலத்தைத் தடவிக் காசின் விளிம்பால் அவர் முதுகைச் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். எங்கள் சாவகத் தீவில் எந்த நோய்க்கும் முதல் காரணம் உடம்பில் புகுந்த காற்றுதான். அதை வெளியேற்ற இதுதான் வழி. பதினோரு வருடத்தில் அண்ணனின் முதுகிலிருந்து வெளியேறிய காற்றுக்குக் கணக்கே இல்லை. தலைவலி மட்டும் வெளியேறவில்லை.

அண்ணன் குருவிப் பாட்டுப் போட்டிகளின் நடுவர். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நாற்பது கூண்டுகள் தொங்கும். நாற்பது சோலைபாடிக் குருவிகள் ஒரே நேரத்தில் பாடும். கயிற்றுக்கு வெளியே உரிமையாளர்கள் தத்தம் கூண்டின் எண்ணைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். நடுவே வெள்ளை மேற்சட்டை போட்டுக்கொண்டு நடந்து, எந்தக் குருவி ராகத்தை இழுத்து நிறுத்துகிறது, எது பாதியில் மூச்சை விடுகிறது என்று பிரித்துக் கேட்டு, சிறந்ததன் கீழே சிவப்புக் கொடியை நட வேண்டும். மாவட்டத்தில் அவர் காதுக்கு இணையான காது கிடையாது என்பார்கள்.

சென்ற வருடம் மே மாதப் போட்டியில் வெளிச்சக் கோடு நடுவில் வந்துவிட்டது. அண்ணன் பாதிப் பார்வையுடன் நடந்துபோய்ப் பதினேழாம் கூண்டின் கீழே சிவப்புக் கொடியை நட்டார். அந்தக் கூண்டில் குருவி இல்லை. வயிற்றுப்போக்கு என்று காலையிலேயே எடுத்துப் போயிருந்தார்கள். மைதானம் கொந்தளித்தது. பதினேழாம் கூண்டின் உரிமையாளர் மட்டும் நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்று கடைசிவரை வாதாடினார்.

குருவிப் போட்டிச் சங்கத்தின் தலைவர் அண்ணனைக் கூப்பிட்டு, செப்டம்பர் இறுதிப் போட்டிக்குள் தலை சரியாகிவிட்டது என்று டாக்டர் தாள் கொண்டுவந்தால் சரி, இல்லையென்றால் மேற்சட்டையைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். அதனால்தான் அண்ணன் முறையான வைத்தியம் தேடிப் புறப்பட்டார். பாதிக் கண்ணோடு வண்டி ஓட்ட முடியாதே என்று நான் கூட்டிப்போனேன். எனக்குப் பக்கத்து வீடு. பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பெயர் பானுத்.

மக்கள் நலக் காப்பு வாரியத்தில் நாங்கள் எல்லோரும் அட்டைதாரர்கள். அட்டை இருந்தால் வைத்தியம் இலவசம். வைத்தியம் கிடைப்பது வேறு துறை. முதல் படி, எங்கள் ஊர்ச் சுகாதார நிலையம். அங்கே டாக்டர் நிங்ரும் என்று ஒரு அம்மா, காலையில் எழுபது பேரைப் பார்ப்பவர். அண்ணனைப் பல வருடமாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் பத்து வெள்ளை மாத்திரை கொடுப்பார். பெரிய டாக்டரிடம் அனுப்புங்கள் என்று அண்ணன் கேட்டபோது அவர் மேசை மேலிருந்த தடித்த புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். முதல் படியிலேயே குணமாக்கி முடிக்க வேண்டிய நூற்று நாற்பது நோய்களின் பட்டியல் அது.

“ஒற்றைத் தலைவலி எழுபத்தொன்பதாவது. இங்கேயே குணமாகும்னு வாரியம் போட்டிருக்கு.”

“குணமாகலையே டாக்டர்.”

“அப்படின்னா புத்தகப்படி உங்களுக்கு இருக்கிறது அது இல்லை.” இதைச் சொல்லும்போது அவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுபத்தொன்பதாவது நோயோடு யாரும் படியேற முடியாது. வேறு நோயோடு ஏறலாம். டாக்டர் நிங்ரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘கண்ணில் வெளிச்சம்’ என்று எழுதி மாவட்ட ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்து நரம்பு டாக்டரிடம் தள்ளிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. தொண்ணூறு நாள் செல்லும் என்று தாளில் முத்திரை விழுந்தது.

கண் பிரிவில் ஒரு மாதம் கழித்து முறை வந்தது. அண்ணனுடைய கண் இருபது வயதுக்காரனின் கண் என்று பாராட்டி, ‘கண் காரணமல்ல’ என்று சான்று கொடுத்தார்கள். நரம்பு டாக்டரிடம் போகலாமா என்றால், தலையில் கண் மட்டுமா இருக்கிறது என்று கேட்டார்கள். காது மூக்குப் பிரிவுக்கு இன்னொரு மாதம். ‘காது காரணமல்ல. மூக்கும் அல்ல.’ பிறகு பல்.

பல் டாக்டர் இளைஞர், ரொம்ப நேர்மையானவர். பற்களில் ஒரு குறையும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வாரியத்தின் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: அடைக்கப்பட்டது, சுரண்டப்பட்டது, பிடுங்கப்பட்டது. எதுவும் செய்யப்படவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டத்தில் குறி இல்லாத படிவத்தைக் கணினி ஏற்காது. அடைக்க ஓட்டை இல்லை, சுரண்டும் கருவி பழுது. அவர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். அண்ணனுக்கு அன்று நான்காவது நாளாக வலி.

“எடுத்துடுங்க டாக்டர்,” என்றார். “ஏதாவது ஒண்ணு தலையிலேர்ந்து வெளியே போகட்டும்.”

கடைவாய்ப் பல் ஒன்றையும் மூன்று சான்றுகளையும் கையில் வைத்துக்கொண்டு நரம்புப் பிரிவின் ஜன்னலுக்குப் போனோம். உள்ளே இருந்த பெண் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, முதல் தாள் போட்டு இன்றோடு தொண்ணூற்றோரு நாள் என்றாள். மறுபடி ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு.

செப்டம்பர் இறுதிப் போட்டி அண்ணன் இல்லாமலே நடந்தது. அதற்கு முந்தின நாள் ருமியாத்தி அந்த வெள்ளை மேற்சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்துக் கொடுத்தாள். அண்ணன் அதைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து வீட்டுக் கூண்டுகளின் மேல் துணியைப் போர்த்தினார். குருவிகள் கத்தினால் வலிக்கிறது என்றார். குருவிகள் பாடுவதை அவர் கத்துவது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்டோபரில் தலைவலி மாதத்துக்குப் பதினெட்டு நாளாகிவிட்டது. குளியலறைச் சிமெண்டுத் தொட்டியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு தரையிலேயே கிடப்பார். கதவைத் தட்டினால்கூட அந்தச் சத்தம் மண்டைக்குள் ஆணியாக இறங்கும் என்பதால் ருமியாத்தி விரல் நகத்தால் கதவைச் சுரண்டுவாள். அவர் உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தரம் சுரண்டினால் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். ஒரு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், சக்கரத்துக்குத் துளை போடுகிற மெஷின் வைத்திருக்கிறாயா, அதன் முனை எவ்வளவு நீளம் என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்டேன். இடது புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார்.

“இங்க ஒரு சின்ன ஓட்டை. காத்து போற மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்த மெஷினைக் கொண்டுபோய் என் தங்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பரில் ஒருவழியாக நரம்பு டாக்டரைப் பார்த்தோம். நான்கு நிமிடம். ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் அவர் கேட்ட கேள்விகளை யாரும் பதினோரு வருடத்தில் கேட்டதில்லை. கோடு எந்தப் பக்கம் தொடங்குகிறது, எத்தனை நிமிடம், வாந்தி உண்டா, அப்பாவுக்கு இருந்ததா. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இது நன்றாகத் தெரிந்த நோய்தான், கோடு வந்து வலி தொடங்குகிறபோதே போட்டால் அதை நிறுத்துகிற மாத்திரை இருக்கிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். மருந்து ஜன்னலில் அந்தச் சீட்டைத் திருப்பித் தந்தார்கள். அந்த மாத்திரைக்கு வாரியக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு முப்பது நாள் தலைவலிக் குறிப்பேடு வேண்டும். வலி இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

வலி வந்தால் அண்ணன் கண்ணுக்கு எழுத்து தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நானும் ருமியாத்தியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். வாரிய அலுவலகத்தில் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, கையெழுத்து அழகாக இருக்கிறது, வலியில் இருப்பவன் இப்படி எழுத மாட்டான் என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த முப்பது நாள் அண்ணனே எழுதினார். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில் வாந்திக் கறை. படிக்க முடியவில்லை, மேலும் அரசு ஆவணம் அசுத்தப்படுத்தப்பட்டிருக்கிறது என்று அதுவும் திரும்பி வந்தது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனி எப்படித்தான் எழுதட்டும் என்று கெஞ்சினார். அந்த அதிகாரி இரக்கமுள்ளவர். குனிந்து தணிந்த குரலில் வழி சொல்லிக்கொடுத்தார்.

“வலி இல்லாத நேரத்துல உட்கார்ந்து நிதானமா எழுதுங்க. ஆனா வலிக்கிற மாதிரி எழுதுங்க.”

மூன்றாவது குறிப்பேடு அப்படித் தயாரானது. எழுத்துகள் அளவாக நடுங்கின. அதிகாரி பார்த்துவிட்டு, இதைத்தான் எதிர்பார்த்தோம் என்று பாராட்டினார்.

பிப்ரவரி கடைசியில் குழு கூடியது. நோயாளி நேரில் வர வேண்டும் என்பது விதி. நானும் ருமியாத்தியும் கூடப் போனோம். வாரியத்தின் கூட்ட அறையில் பதினெட்டுக் குழல் விளக்குகள். நடுவில் ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. அறை முழுக்க மல்லிகை வாசனைத் தெளிப்பு. முதலில் ஊழியர்கள் வரிசையாக நின்று மின்வாத்தியத்தோடு வாரியத்தின் கீதத்தைப் பாடினார்கள், மூன்று சரணம். இரண்டாவது சரணத்தில் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். கோடு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

பிறகு வாரிய இயக்குநர் பிரமோனோ பேச எழுந்தார். தலை நரைத்த, கனிவான முகமுள்ள மனிதர்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி நம்ம மாவட்டத்துல இந்தக் குழு வரைக்கும் வந்த தலைவலி தொள்ளாயிரம்,” என்றார். “படிவத்தைச் சீர்திருத்தினோம், நாற்பதா குறைஞ்சுது. குறிப்பேட்டை அறிமுகப்படுத்தினோம். இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு. உலகத்துல எந்த மருந்தும் இப்படிக் குறைச்சதில்லை. நாம மருந்தே குடுக்காம குறைச்சிருக்கோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஒண்ணே ஒண்ணு, நாற்காலியில் தலையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கைதட்டல் அடங்கியபோது அது வாந்தி எடுத்தது.

ருமியாத்தி தன் தலைத்துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, இதோ வந்திருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று குழுவைப் பார்த்துச் சொன்னாள். குழு தங்களுக்குள் கலந்து பேசியது. இந்தத் தாக்குதல் குறிப்பேட்டின் முப்பது நாளுக்கு வெளியே நிகழ்ந்திருப்பதால் கணக்கில் சேராது என்றார் ஒருவர். சாட்சிகளாகக் குழு உறுப்பினர்கள் கையெழுத்திட விதியில் இடமில்லை என்றார் இன்னொருவர். அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து, மேசைக்கு அடியில் இருட்டாக இருந்த இடத்தைத் தேடி ஊர்ந்து போய் முடங்கிக்கொண்டார். அவர்கள் தங்கள் கால்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு விவாதத்தைத் தொடர்ந்தார்கள்.

இயக்குநர் மட்டும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. விளக்குகளை அணைக்கச் சொன்னார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, ருமியாத்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதைக் குடுங்கம்மா. எனக்கும் உண்டு. சொந்தமா வெளியில வாங்கி வச்சிருக்கேன். இது இல்லாம நான் வீட்டை விட்டே கிளம்பமாட்டேன்.”

அட்டையிலிருந்த பெயரைப் படித்தேன். நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மாத்திரை.

நாற்பது நிமிடம் போனது. பிறகு அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். சுற்றிலும் பார்த்தார். வலி போய்விட்டது என்று, சொல்லக் கூச்சப்படுகிறவர் போலச் சொன்னார். ருமியாத்தி அழுதாள். இயக்குநருக்கும் கண்ணில் ஈரம். குழுச் செயலாளர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை உரக்க வாசித்தார்: நோயாளி குழுவின் முன்னிலையில் பூரண குணமடைந்தார், எனவே மருந்து தேவையில்லை, விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது.

அந்த அட்டையில் மீதியிருந்த மாத்திரைகளையாவது கேட்டுப் பார்த்தேன். இயக்குநர் உண்மையாகவே வருந்தினார். பொறுப்பில் இருப்பவர் அட்டைதாரருக்குப் பொருள் கொடுப்பது ஒழுங்கு விதிக்கு விரோதம் என்றார். கொடுத்த அந்த ஒன்றையும் மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அண்ணன் வண்டியை நெல் வயல் ஓரமாக மெதுவாக விடச் சொன்னார். வழியில் இறங்கி மூன்று பேரும் பெச்செல் வாங்கிச் சாப்பிட்டோம்; கடலைச் சாந்து போட்ட கீரையை அவர் இரண்டு இலைப் பொட்டலம் தின்றார். எங்கோ ஒரு வீட்டுக் கூண்டில் குருவி பாடியது. நின்று கேட்டுவிட்டு, மூன்றாவது இழுப்பில் மூச்சை விட்டுடுச்சு என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ருமியாத்தி முகத்தில் அது இல்லை. நாளைக்கு என்ன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோடு வந்தது. அது அடங்கிய மூன்றாம் நாள், ஊர்ச் சுகாதார நிலையத்தில் முதல் படியில் நின்றோம். கணினியில் அண்ணன் பெயருக்கு எதிரே ‘குணமடைந்தார்’ என்று பச்சை நிறத்தில் இருந்தது. குணமான நோய்க்கு அதே வருடத்தில் மறுபடி வைத்தியம் கிடையாது என்று பதிவுப் பெண் சொன்னாள். அண்ணன் வாதாடவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று தோளைத் தொட்டேன்.

“போய் என்னடா பண்ணப் போறேன், பானுத்,” என்றார்.

டாக்டர் நிங்ரும் வெளியே வந்தார். குழுவின் தாளை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தார். காத்திருந்த எழுபது பேரை அப்படியே விட்டுவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அண்ணனுக்கு மூச்சு இரைப்பு உண்டா என்று கேட்டார். இல்லை. நாடியைப் பிடித்து எண்ணினார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று இருபதுக்கு எண்பது. பேனாவை எடுத்து, நூற்று அறுபதுக்கு நூறு என்று எழுதினார்.

“இன்னையிலேர்ந்து உங்களுக்கு ரத்த அழுத்தம்,” என்றார். “அதுக்கு ஒரு பழைய மாத்திரை நம்ம அலமாரியிலேயே கிடக்கு. தினமும் போட்டா தலைவலி வர்றதையும் பாதிக்கு மேல குறைக்கும். படிச்ச எல்லாருக்கும் தெரியும். தலைவலின்னு எழுதினா அதை எடுக்க எனக்கு அனுமதி இல்லை.”

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று ருமியாத்தி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பொய் எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்தேன், மேலே அனுப்பினால் யாராவது கொடுப்பார்கள் என்று நம்பினேன் என்றார் டாக்டர். பிறகு மாத்திரைகளைத் தானே எண்ணிப் பொட்டலம் கட்டினார். எழுந்திருக்கும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுந்திருக்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

ரத்த அழுத்தக்காரர்கள் வெள்ளிக்கிழமை தோறும் சுகாதார நிலைய மைதானத்தில் கூட்டு உடற்பயிற்சி செய்ய வேண்டும். இது வாரியத்தின் பெருமைக்குரிய திட்டம். அண்ணனுக்கும் ஒரு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். எழுபது வயதுக்காரர்களுக்கு நடுவில் நின்று இடுப்பை ஆட்டினார். முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. கால் கனத்தது, விசித்திரமான கனவுகள் வந்தன, நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தார். நான்காவது வாரம், மாதத்துக்குப் பதினெட்டு நாள் வலி என்பது பன்னிரண்டானது. ஜூனில் ஐந்து. வந்த ஐந்தும் படுத்தெழுந்தால் போகிற மாதிரி வந்தன. கூண்டுகளின் மேலிருந்த துணி விலகியது. பெரிய மைதானத்துக்கு இந்தப் பருவத்துக்கான நடுவர்கள் நிரம்பிவிட்டார்கள் என்று சங்கம் கைவிரித்துவிட்டது. இப்போது தெருப் போட்டிகளுக்கு மட்டும் நடுவராகப் போகிறார்.

டாக்டர் நிங்ரும் அண்ணனோடு நிறுத்தவில்லை. சோயாப் பாலாடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, தபால்காரர் என்று வெள்ளிக்கிழமை மைதானத்தில் இளவயது மஞ்சள் பனியன்கள் கூடிக்கொண்டே போயின. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வெயில் கண்ணில் பட்டால் இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிழலுக்கு நகர்வார்கள்.

டிசம்பரில் வாரியத்தின் ஆண்டறிக்கை வந்தது. எங்கள் கராங்சாரி மாவட்டத்தில் தலைவலி முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டது, குழுவின் முன்னிலையிலேயே ஒருவர் குணமானார் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கவலை. எங்கள் ஊரில் ரத்த அழுத்தம் ஒரே வருடத்தில் நான்கு மடங்காகிவிட்டதாம். ஆராய ஒரு குழு வந்தது. இரண்டு நாள் தங்கி, சாப்பிட்டு, ஊர்க்காரர்கள் கருவாடு அதிகம் தின்பதே காரணம் என்று கண்டுபிடித்தது. சுகாதார நிலையத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் கருவாடு விற்கக் கூடாது என்று தட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

ருமியாத்தியின் காலைச் சோற்றுக் கடை அந்த ஐந்நூறுக்குள் வந்தது. வாழையிலைப் பொட்டலத்தில் கருவாடு இல்லாமல் சோற்றைக் கட்டிக்கொண்டே, இந்த வாரியத்தை என்ன செய்தால் தகும் என்று அவள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மஞ்சள் பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாத சோற்றை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“விடு, ருமி,” என்றார். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தலை வலிக்கல.”